கடைசியாக நன்றாகப் பேசிய நேரம்

எங்கள் ஊரில் மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் எந்த ஆம்பிளையின் முகமும் நேராக இருக்காது. காத் என்கிற போதை இலையை மென்று மென்று இடது கன்னத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு அதக்கி வைத்திருப்பார்கள். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருக்கும், பேச்சு குழறும். ஏமன் நாட்டில் இதற்கு நோய் என்று பெயர் இல்லை, மத்தியானம் என்று பெயர். ஜோர்டானின் அம்மான் நகரத்திலிருந்து எங்களுக்குப் பாடம் சொல்ல வந்த டாக்டர் ராகானிடம் இதை யாராவது முன்னாலேயே சொல்லியிருக்கலாம். ஒருவரும் சொல்லவில்லை. எங்கள் நிர்வாகத்தின் லட்சணம் அது.

நான் ஃபாயிஸா. இப் என்கிற நகரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவின் தலைமை நர்ஸ். பக்கவாதத்தை வாசலிலேயே கண்டுபிடித்து மருந்து கொடுக்க எங்களைப் பழக்குவதற்காக ஒரு வாரப் பயிற்சி நடந்தது. முதல் நாள் பாடம் சுலபம். சிரிக்கச் சொல், முகம் கோணுகிறதா பார். இரண்டு கையையும் தூக்கச் சொல், ஒன்று சரிகிறதா பார். பேசச் சொல், குழறுகிறதா கேள். சாயங்காலம் செய்முறை என்று எங்களைக் கூட்டிக்கொண்டு காத்திருப்போர் கூடத்துக்குப் போன டாக்டர், வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஃபாயிஸா அக்கா, இங்க அஞ்சு பேருக்குப் பக்கவாதம்! எல்லாருக்கும் ஒரே பக்கம்!"

"நம்ம வாட்ச்மேனையும் சேத்தா ஆறு, டாக்டர். எல்லாரையும் படுக்க வச்சிரலாமா?"

சின்ன வயசு டாக்டர். நல்ல பிள்ளை. காது வரைக்கும் சிவந்துவிட்டார். அன்றைக்கே பாடத்தை மாற்றினோம். முதலில் துப்பச் சொல், வாய் கொப்பளிக்கச் சொல், அதற்குப் பிறகு சிரிக்கச் சொல். சொல்வது சுலபம். எங்கள் ஆட்களிடம் உயிரைக் கேட்டால்கூடக் கொஞ்சம் யோசித்துத் தருவார்கள், காத்தைத் துப்பச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள்.

ஆனால் என் தலையைச் சுற்றவைத்தது கடைசிப் பாடம்தான். நேரம். மூளையில் அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் ஏற்றிவிட வேண்டும். தாண்டிவிட்டால் அதே மருந்து மண்டைக்குள் இரத்தத்தைக் கொட்டி ஆளைக் கொன்றுவிடும். சரி, எப்போதிலிருந்து நாலரை மணி? விழுந்ததைப் பார்த்த நேரத்திலிருந்து இல்லையாம். கடைசியாக நன்றாக இருந்ததை ஒருவர் கண்ணால் பார்த்த நேரத்திலிருந்தாம்.

"அப்ப நல்லா இருக்கிறவனை யாரு டாக்டர் கவனிக்கிறா?" என்று கேட்டேன்.

"அதுதான்க்கா கஷ்டமே" என்றார்.

அந்த மருந்து எங்களிடம் ஒரே ஒரு குப்பி இருந்தது. ஏடனிலிருந்து ஐஸ் பெட்டியில் வைத்து, வழியில் இருக்கிற சோதனைச் சாவடிகளில் எல்லாம் கெஞ்சிக் கூத்தாடிக் கொண்டுவந்தது.

மூன்றாம் நாள் ராத்திரித் தொழுகைக்கு இஷா பாங்கு சொல்லும்போது மலைப்பக்கத்திலிருந்து ஒரு பிக்கப் வண்டி வந்து நின்றது. பின்னால் எட்டு ஆண்கள், எட்டுப் பேருக்கும் கன்னம் உப்பியிருந்தது. நடுவில் பாயில் ஹஸ்ஸா கிடந்தான்.

ஹஸ்ஸாவைத் தெரியாதவர்கள் எங்கள் பக்கத்தில் இல்லை. நிலத் தகராறோ, கிணற்றுத் தகராறோ, இரண்டு குடும்பம் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு நின்றால் நடுவில் போய் உட்கார்ந்து பேசி இறக்கிவைக்கிறவன் அவன்தான். அவன் பிழைப்பே நாக்குதான். ஊருக்குத் தேன் தடவிய நாக்கு, வீட்டில் வேறு மாதிரி. பெண்டாட்டி நூரியாவை இதற்கு முன் இரண்டு முறை தலாக் சொல்லி, இரண்டு முறையும் அழுதுகொண்டே போய்த் திரும்பக் கூட்டி வந்தவன். மூன்றாவது முறை சொன்னால் கூட்டிவர வழி கிடையாது. அது தெரிந்தும் எரிகிற கொள்ளியோடு விளையாடுகிறானே என்று பெண்கள் நாங்கள் பேசிக்கொள்வோம்.

"என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

"ஒன்னுமில்லக்கா, காத் கொஞ்சம் ஜாஸ்தியாயிருச்சு" என்றான் அவன் அண்ணன் காயித். "பொழுது சாஞ்சதும் மஃரிப் பாங்குக்கு எல்லாரும் எழுந்தோம், இவன் எழல. தூங்கிட்டான்னு நெனச்சோம்."

"தூங்கறவனுக்கு வாயில எச்சில் ஒழுகுமா?"

"காத் போட்டா எல்லாருக்கும் ஒழுகும்தானேக்கா."

அவன் அண்ணனோடு வாதாட எனக்கு நேரம் இல்லை. ஹஸ்ஸாவின் வாய்க்குள் விரலை விட்டு இலை உருண்டையை நானே தோண்டி எடுத்துப் போட்டேன். இடது கன்னம் வற்றியது. வலது பக்கம் தொங்கியது தொங்கியபடியே இருந்தது. வலது கையைத் தூக்கிவிட்டேன், ஈரத்துணி மாதிரி விழுந்தது. பேர் என்ன என்று கேட்டேன். "ப்பா... ப்பா..." என்றான். கண்ணில் தண்ணீர் வந்தது. என்ன நடக்கிறது என்று அவனுக்குத் தெரிகிறது, சொல்லத்தான் முடியவில்லை.

பயிற்சியில் சொன்னபடியே ஓடினோம். சர்க்கரை பார்த்தோம், ஏறியிருந்த இரத்த அழுத்தத்தை ஊசி போட்டு இறக்கினோம், மூளையை ஸ்கேன் எடுத்தோம். இரத்தக்கசிவு இல்லை. அடைப்புதான். டாக்டர் ராகான் குப்பியை எடுத்து வெளியே வைத்தார்.

"இப்ப நேரம். இவர் கடைசியா நல்லா பேசினதை யார் பார்த்தீங்க?"

எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள்.

ஒருவன், ஹஸ்ஸா துருக்கிக்காரன் கதையைச் சொல்லி எல்லாரையும் சிரிக்கவைத்தான், அது சாயங்காலம் என்றான். இன்னொருவன், அடப்பாவி அது நேத்து என்றான். மூன்றாவது ஆள், நேற்று ஹஸ்ஸா சபையிலேயே இல்லையே என்றான். இவர்கள் தினமும் அதே அறையில், அதே திண்டில், அதே ஆட்களோடு உட்கார்ந்து அதே இலையை மெல்லுகிறவர்கள். நேற்று எது, இன்று எது என்று பிரிக்க அவர்களால் முடியவில்லை. கேட்டுக்கொண்டிருந்த எனக்கே இன்று என்ன கிழமை என்று மறந்துவிட்டது.

போதாக்குறைக்கு, காத் தலைக்கேறியதும் சபையே வாயடைத்துப்போகிற ஒரு நேரம் உண்டு. சுலைமான் நேரம் என்போம். சாயங்கால வெளிச்சத்தில் ஆளுக்கொரு மூலையைப் பார்த்துக்கொண்டு, சொத்து பத்து இல்லாதவன்கூட ராஜா மாதிரி யோசித்துக்கொண்டிருப்பான். அந்த நேரத்தில் ஒருவன் பேசாமல் இருந்தால் யாருக்கும் சந்தேகம் வராது. பேசினால்தான் திட்டுவார்கள்.

"பேசலைன்னா நோய். ஆனா யாருமே பேசலை. அப்ப நான் எதை வச்சு முடிவு பண்றது?" டாக்டர் தலையைப் பிடித்துக்கொண்டார்.

அப்போது காயித் முன்னால் வந்தான். "டாக்டர், இதுல என்ன குழப்பம்? சாயங்காலத் தொழுகை அஸர் கொஞ்சம் லேட்டாத்தான் தொழுதோம். எல்லாரும் சேர்ந்து ஜமாஅத்தா தொழுதோம். ஹஸ்ஸா என் பக்கத்துல நின்னான், குனிஞ்சான், எழுந்தான், நல்லா ஓதினான். எழுதிக்குங்க."

மற்ற ஏழு பேரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். டாக்டர் கணக்குப் போட்டார். முகம் மலர்ந்தது. குப்பியை எடுத்தார்.

ஆமாம் என்பது ரொம்பச் சுருக்கில் வந்த மாதிரி எனக்குப் பட்டது. கன்னம் நிறைய இலையோடு எட்டுப் பேர், சுலைமான் நேரத்தைக் கலைத்துவிட்டு, வாய் கொப்பளித்து, கைகால் கழுவி ஒளு செய்து, வரிசையில் நின்றார்களா? இவர்களை எனக்குத் தெரியாதா?

"முன்னால இமாமா நின்னு தொழுகையை நடத்தினது யாரு?" என்று கேட்டேன்.

"நான்தான்" என்றான் காயித்.

"நான்தானே" என்றான் அதே மூச்சில் அவன் சிநேகிதன் ரத்மான்.

காயித் ரத்மானைப் பார்த்தான். ரத்மான் தரையைப் பார்த்தான்.

"தொழவே இல்லல்ல?"

"அக்கா, அப்புறமா சேத்துத் தொழுதுக்கலாம்னு..." என்று காயித் இழுத்தான். எட்டுப் பேர் முகமும் தொங்கிப்போனது. தொழுகையை விட்டதை வெளியூர் டாக்டர் முன்னால் ஒத்துக்கொள்ள வெட்கப்பட்டுக்கொண்டு, தம்பி மண்டைக்குள் சாவை ஏற்றப் பார்த்திருக்கிறான் மனுஷன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஸ்டெதஸ்கோப்பால் ஒரு போடு போட்டிருப்பேன்.

ஆத்திரம் அடங்கியதும் வேறொன்று உறைத்தது. எட்டுப் பேரும் சத்தியம் செய்து சொல்லக்கூடியது இப்போது ஒன்றே ஒன்றுதான். மத்தியானம் சேர்ந்து சாப்பிடும்போது ஹஸ்ஸா நன்றாக இருந்தான். அப்படியென்றால் நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. டாக்டர் குப்பியைத் திரும்பக் குளிர்பெட்டியில் வைத்தார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அது இந்நேரம் ஹஸ்ஸாவின் உடம்பில் ஏறியிருக்கும். அது நல்லதா கெட்டதா? உண்மையைக் கண்டுபிடித்து அவன் நாக்கை நானே அறுத்துவிட்டேனா? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

வெளியே வந்தேன். நடைபாதைச் சுவரோரம் கறுப்பு உடுப்பில் ஒரு பெண், ஹஸ்ஸாவின் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். நூரியா. அதே பிக்கப்பில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருக்கிறாள். இத்தனை நேரம் இவளை ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. எட்டு ஆம்பிளைகளைத் துருவித் துருவிக் கேட்ட நான்கூடக் கேட்கவில்லை.

"பேச்சு வருமாக்கா?" என்று கேட்டாள்.

"மருந்து போட்டா வரலாம். போட முடியாதாம். கடைசியா எப்ப நல்லா இருந்தான்னு ஒருத்தனுக்கும் தெரியலை. சாயங்காலம் வரைக்கும் நல்லா இருந்தான்னு தெரிஞ்சாலாவது போடலாம்."

செருப்பிலிருந்த மண்ணைத் தட்டினாள். பிறகு, "நான் மாடு கறந்துக்கிட்டிருந்தப்ப, காத் சபையிலேருந்து எழுந்து எங்கிட்ட வந்தாரு" என்றாள்.

"எப்ப?"

"மேய்ச்சலுக்குப் போன ஆடெல்லாம் திரும்பினதுக்கு அப்புறம். வெயில் சுவரை விட்டு எறங்கியிருந்துச்சு."

மனசுக்குள் கணக்குப் போட்டேன். தாராளமாக நேரம் இருந்தது. "அடியே, இதை ஏன் முன்னாடியே சொல்லலை? நல்லா நடந்து வந்தானா? பேசினானா? என்ன பேசினான்?"

அவள் என் கையைப் பிடித்து மருந்து அறைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். முகத்திரையைத் தூக்கினாள். முகம் வெளிறிக் கிடந்தது.

"தண்ணி ஏன் சில்லுன்னு இல்லன்னு கேட்டாரு. ஃபிரிட்ஜுக்கு கரண்ட் இல்லன்னு சொன்னேன். அதுக்கு எதிர்த்தா பேசறேன்னு கத்தினாரு. அப்புறம் சொல்லிட்டாருக்கா."

"என்னத்தை?"

"அதைத்தான். மூணாவது."

கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று பார்த்தேன்.

"யாராவது கேட்டாங்களா?"

"மாடும் நானும்தான்" என்றாள். "அப்படியே திரும்ப எங்க வீட்டு முன்னறைக்கு, சபைக்கே போயிட்டாரு. பாதியில கறவையை விட்டுட்டு உக்காந்திருந்தேன். ராத்திரி போதை எறங்கினதும் அழுதுக்கிட்டு வருவாரு, யாருக்கும் சொல்லாம விட்டுரலாமான்னு யோசிச்சேன். அதுக்குள்ள கூச்சல் கேட்டுச்சு. வழியெல்லாம் யோசிச்சுக்கிட்டு வந்தேன். மூளை கலங்கினவன் சொன்ன தலாக் செல்லாதுதானேக்கா?"

"செல்லாது."

"அப்ப, ஏற்கெனவே நோய் வந்துட்டுது, உளறலாத்தான் சொன்னாருன்னு நான் சொன்னா என் வீடு எனக்கு. ஆனா ஊசி கிடையாது. நல்லா இருந்தப்பதான் சொன்னாருன்னு சொன்னா ஊசி உண்டு. வீடு கிடையாது." என் முகத்தையே பார்த்தாள். "ரெண்டும் சேந்து கிடைக்கிற மாதிரி ஏதாவது நேரம் இருக்காக்கா?"

இருபது வருஷ சர்வீஸில் என்னை இப்படி ஒரு கேள்வி யாரும் கேட்டதில்லை. டாக்டரின் எந்தப் பாடத்திலும் இதற்குப் பதில் இல்லை. ஒருவேளை அவன் அந்த நேரத்தில் நோயின் ஆரம்பத்தில் இருந்திருப்பானோ? தண்ணீருக்காக ஒருவன் தலாக் சொல்வானா? ஆனால் ஹஸ்ஸா சொல்லக்கூடியவன்தான், இதற்கு முன் ரொட்டி கருகியதற்குச் சொன்னவன்.

"இல்லம்மா" என்றேன். "நீ என்ன பாத்தியோ அதை மட்டும் சொல்லு. பொய்யா ஊசி போட்டா செத்துருவான். சீக்கிரம் சொல்லு, ஒவ்வொரு நிமிஷமும் மூளை கொஞ்சம் கொஞ்சமா போய்க்கிட்டிருக்கு."

அவள் முகத்திரையை இறக்கினாள். செருப்பை என் கையில் கொடுத்தாள். நேராக அவசரப் பிரிவுக்குள் போய் எட்டு ஆண்களுக்கு நடுவில் நின்றாள்.

"டாக்டர், ஆடு திரும்பின பொறகு மாட்டுக் கொட்டாயில என் புருஷன் எங்கிட்ட பேசினாரு. நேரா நடந்து வந்தாரு. வலது கையால சொம்பை வாங்கித் தூக்கி எறிஞ்சாரு. என்னைத் தலாக் சொன்னாரு. இது மூணாவது தடவை. ஒரு வார்த்தை குழறலை. ஊசியைப் போடுங்க."

காயித் துள்ளி எழுந்தான். "ஏய் நூரியா! என்ன பேசற? அவன் அப்பவே சரியில்லாம இருந்திருப்பான்! உளறியிருப்பான்!"

"அப்படின்னா ஊசி போடக்கூடாது மச்சான். உங்க தம்பிக்கு எது வேணும்னு நீங்களே சொல்லுங்க."

காயித் திரும்ப உட்கார்ந்துவிட்டான். டாக்டர் ராகான் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அவரும் நம் மார்க்கத்து ஆள்தானே, என்ன சொன்னாள் என்று அவருக்கு முழுசாகப் புரிந்தது. "யோசிச்சுத்தான் சொல்றீங்களாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"யோசிச்சாச்சு."

காயித்திடம் சம்மதம் வாங்கினோம். நான் மருந்தைக் கலந்து கொடுத்தேன், டாக்டர் ஏற்றினார். மீதி மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கி முடியும் வரை ஹஸ்ஸாவின் தலைமாட்டில் நின்றேன். தலைவலிக்கிறதா, வாந்தி வருகிறதா என்று நொடிக்கொரு தரம் பார்த்தேன். நூரியா அந்த அறைக்குள் வரவில்லை.

காலையில் ஹஸ்ஸா கையைத் தூக்கினான். விரல்கள் கொஞ்சம் மந்தமாக இருந்தன, அவ்வளவுதான். டாக்டர் எங்கே இருக்கிறோம் என்று கேட்டதற்கு, "இப்புல. உங்க ஆஸ்பத்திரி டீ வாசனையிலேயே தெரியுது" என்றான். நர்ஸுகள் எல்லாம் சிரித்தார்கள். டாக்டர் ராகான் வராந்தாவுக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முந்தின நாள் மத்தியானத்துக்கு மேல் நடந்தது எதுவும் ஹஸ்ஸாவுக்கு நினைவில் இல்லை.

வெளியே காயித் நூரியாவிடம் கெஞ்சிக்கொண்டிருந்தான். "இப்பத்தான் பொழைச்சுட்டானேம்மா. நீ ஒரு வார்த்தை சொல்லு போதும். நேத்து பதட்டத்துல தப்பா சொல்லிட்டேன், அவர் உளறினதுதான்னு சொல்லிரு. காஜி கேட்டா நாங்க எட்டுப் பேரும் சாட்சி சொல்றோம்."

"அஸர் தொழுத மாதிரியா மச்சான்?" என்றாள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான். நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்தாக வேண்டும். எந்த நேரம் சொன்னால் மருந்து கிடைக்கும் என்று அவளுக்கு முதலில் சொன்னதே நான்தான். அதைக் கேட்ட பிறகுதான் அவள் மாடு கறந்ததைச் சொன்னாள்.

"நூரியா, அல்லாஹ்வுக்குப் பயந்து சொல்லு. நிஜமாவே குழறலையா? இல்ல, மருந்துக்காகச் சொன்னியா?"

"அவர் பேசறாரா இல்லையாக்கா?"

"பேசறான்."

"அப்புறம் என்ன?"

"குழறியிருந்தா நீ போக வேண்டியதில்லடி. அவன் இன்னும் உன் புருஷன்தான்."

அவள் சிரித்த மாதிரி இருந்தது, திரைக்குப் பின்னால் சரியாகத் தெரியவில்லை. "குழறினதுன்னு இன்னைக்குச் சொன்னா, நேத்து நேரம் தெரியாம ஊசி போட்டீங்கன்னு ஆயிரும். அந்த டாக்டர் புள்ள தலையில விடியும். குழறலைன்னா நேத்து சொன்னதுதான். எப்படிப் பாத்தாலும் நான் மாத்திச் சொல்றதுக்கு ஒன்னுமில்ல."

எது உண்மை என்று எனக்கு அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. அவனுக்கு மூளை கலங்காமல் இருந்து அவன் அவளை அறுத்துவிட்டானா, கலங்கிய பிறகு சொன்னதை அவள் நல்ல பேச்சு என்று சொல்லித் தன்னைத்தானே அறுத்துக்கொண்டாளா? எத்தனை முறை யோசித்தாலும் பாதி வழியில் நின்றுவிடுகிறது.

அவள் தம்பி வந்து கீழே வண்டியில் காத்திருந்தான். அவள் எழுந்தாள். அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளேயிருந்து ஹஸ்ஸா அவளைப் பார்த்துவிட்டான்.

"நூரியா!" என்றான். எத்தனையோ பேரைச் சமாதானம் செய்த அதே குரல். "நூரியா, அங்கேயே நிக்கறியே, உள்ள வாடி!"

அவள் ஒரு கணம் நின்றாள். பிறகு படியிறங்கிப் போனாள். ஹஸ்ஸா கட்டிலில் முழங்கையை ஊன்றி எழப் பார்த்தான். ஓடிப்போய்த் தோளைப் பிடித்துச் சாய்த்தேன்.

"அவ எங்கக்கா போறா?" என்று கேட்டான். "நான் கூப்பிட்டது அவளுக்குக் கேக்கலையா? என் பேச்சு இன்னும் சரியா வரலையா?"

"நல்லா வருதுடா" என்றேன். "தண்ணி குடிக்கறியா?"